கிணற்றடியான்

எங்கள் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பழத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் முதலில் வருகின்ற பதில் அப்பிள். மாவும் கொய்யாவும் வாழையும் அதற்குப் பின்னால்தான். இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட அப்பிள் மரத்தைக் கண்டதில்லை. புத்தகத்திலே பார்த்த படமும், சுகமில்லாதவரைப் பார்க்கப் போகும்போது உம்மா பையிலே போட்டுக்கொண்டு போகிற பழமும்தான் அவர்கள் அறிந்த அப்பிள். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும்: "சேர், அப்பிள் கொட்டைய நட்டா முளைக்குமா?"

சிலவேளை முளைக்கும். ஆனால் எங்கள் மண்ணில் அது ஒழுங்காகக் காய்க்காது. பெரும்பாலான அப்பிள் இனங்களுக்குக் குளிர்காலம் என்று ஒன்று வேண்டும். ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிரில் பல நூறு மணித்தியாலங்கள் உறங்கி எழும்பினால்தான் அந்த மரத்தின் அரும்புகள் ஒழுங்காக விரியும். கச்சான் காற்று அடிக்கின்ற எங்கள் கிழக்குக் கரையிலே மார்கழி மழையில்கூட நாம் போர்த்திக்கொள்வது ஒரு மெல்லிய துப்பட்டியைத்தான். அப்பிளுக்கு அது போதாது.

அத்தோடு பதிலை முடித்துவிடாமல், பச்சை அப்பிளின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பழக்கடைகளில் அடுக்கியிருக்கும் அந்தப் பச்சை அப்பிளுக்கு 'கிரானி ஸ்மித்' என்று பெயர். கிரானி என்றால் மூத்தம்மா. உண்மையிலேயே அவர் ஒரு மூத்தம்மாதான். மரியா ஆன் ஸ்மித் என்ற அந்தப் பெண் இங்கிலாந்தில் பிறந்து, அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, சிட்னிக்கு அருகே தோட்டம் செய்தவர். கழித்து வீசிய அப்பிள்களின் விதையொன்று நீரோடைக் கரையில் தானாக முளைத்ததாகவும், அது காய்த்தபோது அவர் ருசி பார்த்ததாகவும் சொல்லப்படுகிறது. 1868 இல் அயலிலிருந்த தோட்டக்காரர்களுக்கு அந்த மரத்தைக் காட்டினார். 1870 இல் இறந்துபோனார். அவருக்குப் பின் அயலவர்கள் அதைப் பெருக்கினார்கள். இன்று உலகத்தில் எங்கே கிரானி ஸ்மித் காய்த்தாலும் அது அந்த ஒரே மரத்தின் கொப்புத்தான். விதை போட்டு வந்ததல்ல. கொப்பிலிருந்து கொப்பாக ஒட்டி ஒட்டி வந்தது.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் முழிப்பார்கள். விதைக்கும் கொப்புக்கும் உள்ள வித்தியாசம் பெரியவர்கள் பலருக்கும் தெளிவில்லாத விடயம்தான். ஆசிரியர் கலாசாலையில் விவசாயம் படிப்பித்த எங்கள் விரிவுரையாளர் இதற்கொரு உவமை வைத்திருந்தார். "விதை என்பது பிள்ளை, கொப்பு என்பது அதே ஆள்." பிள்ளைக்கு உம்மாவின் முகமும் வரலாம், வாப்பாவின் மூக்கும் வரலாம், யாருடையது என்றே சொல்ல முடியாத ஒரு குணமும் வரலாம். ஒரு நல்ல மாம்பழத்தின் கொட்டையை நடும்போது, அந்தப் பூவுக்கு மகரந்தம் கொடுத்த மரம் எது என்பது நமக்குத் தெரியாது. சில மாவினங்களின் கொட்டையிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள் வரும். அவற்றிற் பெரும்பாலானவை தாயைப்போலவே இருக்கும். ஒற்றை முளை விடுகின்ற இனங்களில் அந்த நம்பிக்கை கிடையாது. கொப்பை எடுத்து ஒட்டினாலோ, வருவது தாய்மரத்தின் பிள்ளை அல்ல. தாய்மரமேதான், வேர் மட்டும் வேறு.

மாவிலும் இப்படியொரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற படை அதிகாரி, இந்தியாவிலிருந்து அங்கே போயிருந்த முல்கோபா மாவின் கொட்டைகளை 1902 இல் நட்டார். அவற்றிலொன்று 1910 இல் சிவந்த நிறத்தில் காய்த்தபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அவருடைய மனைவிதான் கன்றுகளைப் பார்த்து வளர்த்து, பழத்தை வெளியே காட்டினார். இன்று உலகச் சந்தையில் சிவப்புத் தோலோடு விற்கப்படும் மாவினங்கள் பலவற்றின் வழித்தடம் அந்த ஒரு மரத்தில் போய் முட்டுகிறது.

இந்த இரண்டு கதைகளையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம், எங்கள் குடும்பத்திலும் ஒரு மூத்தம்மாவும் ஒரு மரமும் இருந்ததுதான்.

அந்த மரத்தை ஊர் 'கிணற்றடியான்' என்று அழைத்தது. கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, விலாட் என்று பெயர் பெற்ற இனங்களின் வரிசையில் அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூத்தாப்பா எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு கூடை மாம்பழத்தைத் தின்றுவிட்டு, மூத்தம்மா கிணற்றடியில் கைகழுவும்போது எறிந்த கொட்டைகளில் ஒன்று முளைத்ததாம். சட்டி பானை கழுவுகிற தண்ணீரிலேயே அது வளர்ந்தது. யாரும் அதை நடவில்லை, யாரும் பிடுங்கவுமில்லை.

கிணற்றடியானின் பழம் பார்வைக்கு ஒன்றுமில்லை. கைக்குள் அடங்குகின்ற அளவு. பழுத்தாலும் தோல் மஞ்சளாகாது. காம்படியில் மட்டும் ஒரு மங்கல் நிறம் தட்டும். தெரியாதவர்கள் காய் என்று நினைத்து விட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே செம்மஞ்சள் சதை. நார் இல்லை. கொட்டை மெல்லியது. இனிப்பின் முடிவில் எலுமிச்சந்தோல் போல ஒரு சிறு வாசம் நாக்கில் நிற்கும். சோற்றுக்குப் பிறகு ஒரு பழம் தின்றால், அதற்கு மேல் தேத்தண்ணி குடிக்க மனம் வராது. ஆனால் மரத்தால் இறக்கி மூன்று நாளுக்கு மேல் தாங்காது. நாலாம் நாள் தோல் சுருங்கி, கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். அதனால் எந்த வியாபாரியும் அதைச் சீண்டவில்லை. கல்முனைச் சந்தைக்குப் போய்ச் சேருமுன்பே பாதி நசிந்துவிடுகின்ற பழத்தை யார் வாங்குவார்? விற்க முடியாத பழமாக இருந்தபடியால் அது பங்கு வைக்கிற பழமாயிற்று. வைகாசி, ஆனியில் மூத்தம்மா வீட்டிலிருந்து ஏழெட்டு வீடுகளுக்குச் சுளகிலே பழம் போகும். சுளகு வெறுமையாகத் திரும்பி வராது. முருங்கைக்காயோ, நாலு முட்டையோ, கருவாடோ அதில் இருக்கும்.

உம்மா இரண்டு தரம் அதன் கொட்டையை நட்டுப் பார்த்தார். ஒற்றை முளைதான் வந்தது. எட்டு வருடம் காத்திருந்தபின் இரண்டும் காய்த்தன. ஒன்று நார், மற்றது ஊறுகாய்க்கு மட்டுமே ஆகின்ற புளி. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, இந்த ஊரில் மட்டுமல்ல, எங்குமே இந்தப் பழத்துக்கு ஒரேயொரு மரம்தான் என்று.

ஒருகாலத்தில் இரண்டாவது ஒன்றும் இருந்தது. எண்பதுகளில் ஒட்டு வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு, சாடியில் வைத்த கன்றை மரத்தின் கொப்போடு சேர்த்துக் கட்டி, ஒட்டுப் பிடித்தபின் வெட்டியெடுத்துத் தன் வளவில் நட்டிருந்தார் சாச்சி. சாச்சியின் வீடு கடற்கரைப் பக்கம். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. சாச்சியும் பிள்ளைகளும் தப்பினார்கள். வீடு போனது. மரம் விழவில்லை, ஆனால் உப்புத் தண்ணீர் வேரிலே நின்றதால் நின்றபடியே இலை கருகிக் காய்ந்தது. கடற்கரையோரத்து மாமரங்கள் பல அந்த நாட்களில் அப்படித்தான் போயின. அன்றிலிருந்து மறுபடி ஒரே மரம்.

அந்த ஒரே மரம் நின்றது ராத்தாவின் வளவில். இதை வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கிழக்குக் கரையில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கு உரியவை. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே நான் பிறந்த வீடு என்னுடையதல்ல, ராத்தாவுடையது. நான் இருப்பது என் மனைவியின் வீட்டில். எங்கள் மகளுக்கு நாளை இன்னொரு வீடு வேண்டும். இந்த ஒழுங்கின்படி எங்கள் பக்கத்தில் முதுசமான மரங்களெல்லாம் பெண்வழியாகவே கைமாறி வந்திருக்கின்றன. மூத்தம்மாவிடமிருந்து உம்மாவுக்கு, உம்மாவிடமிருந்து ராத்தாவுக்கு. ஆண்பிள்ளைகள் உடுதுணிப் பெட்டியோடு வெளியேறுவார்கள். மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாதல்லவா.

இந்த வழக்கம் பெண்களுக்குக் கூரையைக் கொடுத்தது. வளவைத் துண்டாக்கியதும் அதே வழக்கம்தான். மூத்தம்மாவின் காலத்தில் 60 பேர்ச்சாக இருந்த வளவு, மூன்று மகள்மாருக்கு இருபது இருபதாகப் பிரிந்தது. உம்மாவின் 20 பேர்ச் ராத்தாவுக்கு வந்தது. ராத்தாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு முன்பக்கம் வீடு கட்டியாயிற்று. இளையவளுக்கு மிஞ்சியிருந்தது பின்பக்கம், கிணற்றடி.

2016 ஆம் ஆண்டு, மாம்பழக் காலம் முடிகிற நேரம், இளைய மருமகளுக்கு ஒரு சம்பந்தம் சரிவந்தது. நல்ல பையன், இரண்டு வருடத்துக்குள் வீடு முடிய வேண்டும் என்ற பேச்சு. மேசன் பாஸ் வந்து வளவைச் சுற்றி நடந்தார். மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சேர், இத வெச்சிக்கிட்டு அத்திவாரம் போடேலா. வேரு கிணத்துக்கும் போய்ட்டு, அங்காலயும் போய்ட்டு. ஊட்ட இங்கால தள்ளினா ஒரு அறை குறையும்."

அவர் போனபின் நானும் ராத்தாவும் திண்ணையில் இருந்தோம். நான் வாய் திறப்பதற்குள் ராத்தாவே சொன்னார்.

"எனக்குத் தெரியும் தம்பி நீ என்ன நினைக்கிறாய் எண்டு. நான் நினைக்கல்லையா? மூத்தம்மா மவுத்தாகிற காலையிலயும் இந்த மரத்துக்குக் கீழதான் இருந்தா. ஆனா மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தா புள்ளைக்கு ஊடு எழும்புமா?"

நான் பேசாமல் இருந்தேன். மரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வீடு கட்டுகிறவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு அறை குறைந்த வீடு என்றால் என்ன பொருள் என்பது கல்யாணப் பேச்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். ராத்தா தன் மகளுக்குச் செய்ததும், மூத்தம்மா தன் மகள்மாருக்குச் செய்ததும் ஒன்றுதான்.

"எனக்கு ஒரு மாரி வரைக்கும் தாங்க ராத்தா" என்றேன். "அடுத்த வருசம் மழை தொடங்கட்டும். அதுக்குப் பிறகு வெட்டுங்க."

"அதுக்குள்ள என்ன செய்யப் போறாய்?"

"மரத்த வேற இடத்துக்கு அனுப்பப் போறன்."

ராத்தா சிரித்தார். ஆனால் பாஸிடம் அத்திவாரத்தை அடுத்த வருடக் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொன்னார்.

முதல் வேலை வேர் தேடுவது. கிணற்றடியானின் கொப்பு உட்கார ஒட்டுக்கட்டை வேண்டும். அதற்கு நல்ல பழம் தேவையில்லை. எங்கள் மண்ணில் தாக்குப்பிடிக்கின்ற நார்மாங்காய் போதும். பாடசாலை மதிலோரம் நின்ற பழைய நார்மாவின் கொட்டைகளைப் பொறுக்கினேன். மாங்கொட்டையை நாட்கணக்கில் வெயிலில் காயவிடக் கூடாது. நெல்லைப்போல அது காத்திருக்காது, உள்ளே பருப்பு வரண்டால் முளைதிறன் போய்விடும். ஓட்டை நீக்கிப் பருப்பை மட்டும் எடுத்து, மணலும் மாட்டெருவும் கலந்த பொலித்தீன் பைகளில் நட்டேன். இரண்டு மூன்று கிழமையில் செம்பு நிற இலைகளோடு முளைகள் வந்தன. வருடம் ஒன்று கழிந்தபோது தண்டுகள் பென்சிலின் பருமனைத் தாண்டியிருந்தன.

2017 ஒக்டோபரில் முதல் மழை விழுந்தது. கொப்பெடுக்கின்ற முறை இதுதான். அந்த முறை பூக்காத, முற்றிய, நுனியரும்பு பருத்து நிற்கின்ற கொப்பைத் தெரிவு செய்ய வேண்டும். வெட்டுவதற்கு ஏழெட்டு நாளைக்கு முன் அதன் இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி கத்தரித்துவிட வேண்டும். இலை போனதும் சத்தெல்லாம் அரும்புக்குப் போகும். காம்புகள் தாமாக உதிரும்போது கொப்பு தயார். அதைச் சாண் நீளத்துக்குக் குறைவாக வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும்.

நான் மரத்தில் ஏறினேன். கீழே துணியை விரித்துக்கொண்டு நின்றவள் மருமகள், அந்த வீட்டுக்கு வரப்போகின்ற மணப்பெண்.

"மாமா, என்ட ஊட்டுக்காகத்தானே இதெல்லாம்" என்றாள்.

"உன்ட ஊட்டுக்குத்தான் முதல் கண்டும்" என்றேன்.

ஒட்டுக்கட்டையின் தலையை வெட்டி, நடுவே ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகமாகப் பிளக்க வேண்டும். கொப்பின் அடியை இருபுறமும் சீவி ஆப்புப்போல் ஆக்கி அந்தப் பிளவில் இறக்க வேண்டும். பட்டைக்கு உட்பக்கத்தில் மெல்லிய பச்சைப் படையாகத் தெரிவது மாறிழையம். இரண்டின் மாறிழையங்களும் ஒரு பக்கத்திலாவது பொருந்தி நிற்க வேண்டும். அந்தப் பொருத்தம் தவறினால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பயனில்லை. கத்தி கூராக இருக்க வேண்டும். ஒரே இழுப்பில் வெட்டு விழ வேண்டும். சீவிய முகத்தில் விரல் படக் கூடாது. பொலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு சிறு பொலித்தீன் உறையைக் கவிழ்த்து, நிழலில் வைத்தோம். நான் வெட்ட வெட்ட மருமகள் நாடா சுற்றினாள். அவளுடைய விரல்கள் மெலிந்தவை. தையல் பழகிய கை. சுற்று இடைவெளியில்லாமல் விழுந்தது.

பதினான்கு கன்றுகளுக்கு ஒட்டினோம். அதன்பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர. ராத்தா விடியத்தில் வாசல் கூட்டுகிற கையோடு பைகளை எட்டிப் பார்ப்பார். இரண்டு கொப்புகள் ஒரு கிழமையிலேயே கறுத்தன. மூன்று, பச்சையாக நின்று பின்னர் சுருங்கின. இருபத்தைந்து நாள் போலக் கழிந்த ஒரு காலையில் ராத்தா தொலைபேசி எடுத்தார். "தம்பி, ஒண்டு கண் திறந்திட்டு." மாலைக்குள் இன்னும் இரண்டு. கடைசிக் கணக்கில் ஒன்பது பிழைத்தன.

மழை ஓயவும் மரம் வெட்டவும் 2018 மாசியாகிவிட்டது. மரம் அப்போது பூத்திருந்தது. வெட்டுகிறவர்கள் கிணற்றின் மேல் பலகை போட்டு மூடி, கொப்புக் கொப்பாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். ராத்தா அன்றைக்கு அவர்களுக்குச் சோறு சமைத்தார், வெளியே வரவில்லை. அடிமரத்தைப் பலகையாக அரிந்தோம். அதிலொரு பலகை இப்போது மருமகளின் குசினியில் தட்டாக இருக்கிறது. அத்திவாரம் வெட்டியபோது பாஸ் சொன்னது சரியென்று தெரிந்தது. முழங்கை பருமனான வேர் ஒன்று கிணற்றுச் சுவரின் கல்லிடுக்கில் புகுந்திருந்தது.

அந்த வருட மாரியில் ஒன்பது கன்றுகளும் ஒன்பது இடத்துக்குப் போயின. கடற்கரைப் பக்கத்து மரத்துக்கு நடந்ததை மறக்காமல், எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். ஒன்று மருமகளின் வீட்டு முன்மூலையில், மதிலிலிருந்து தள்ளி. ஒன்று என் மனைவியின் வளவில். ஒன்று பாடசாலையில். ஒன்று வயல்பக்கத்து வாடியில். ஒன்று சாச்சிக்கு, அவருடைய புதிய வீடு கடலிலிருந்து தூரம். இரண்டு, மூத்தம்மாவின் சுளகு போய் வந்த வீடுகளுக்கு. ஒன்று, பத்து மைலுக்கு அப்பால் இருக்கும் தமிழ்க் கிராமத்தில் என்னோடு கலாசாலையில் படித்த நண்பருக்கு. கடைசி ஒன்றைத் தனக்குத் தரும்படி மேசன் பாஸ் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எல்லோருக்கும் மூன்று விடயங்களைச் சொன்னேன். ஒட்டுப் பொருத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். பொருத்துக்குக் கீழே வருகின்ற தளிரை ஈவிரக்கமில்லாமல் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் நார்மா தலையெடுத்துக் கிணற்றடியானை அமுக்கிவிடும். முதல் இரண்டு வருடம் பூத்தால் பூவை உடைத்துவிட வேண்டும். மூன்றாவதைத்தான் யாருக்கும் செய்ய மனம் வரவில்லை. சாச்சி வெளிப்படையாகவே மறுத்துவிட்டார்: "எனக்கு எத்தின வயசு எண்டு தெரியுமா மகன் உனக்கு?" அவரிடம் நான் வாதாடவில்லை.

ஒன்பதில் ஏழு இன்று நிற்கின்றன. வயல்வாடியிலிருந்ததை மாடு கடித்தது. பாஸின் கன்று கச்சானில் காய்ந்துவிட்டது. அவர் இன்னொன்று கேட்டிருக்கிறார். 2022 இல், நாடு எரிபொருள் வரிசையில் நின்ற அந்த வருடத்தில், என் மனைவியின் வளவில் நின்ற மரம் முதன்முதலாகப் பதினொரு காய் காய்த்தது. அப்பிள் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. சுகமில்லாத ஒருவரைப் பார்க்கப் போகையில், மனைவி அந்தப் பதினொன்றில் நான்கைப் பையிலே போட்டார். அவர் படுக்கையில் எழுந்திருந்து ஒன்றை மணந்து பார்த்துவிட்டு, "இது உங்கட மூத்தம்மாட மரத்துப் பழமெலுவா?" என்று கேட்டார். மரம் வெட்டி நாலு வருடமாகிவிட்டது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் கேட்டது சரியான கேள்வி. அது அதே மரத்துப் பழம்தான்.

முதுசம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் காத்து வைப்பதற்கே பயன்படுத்துகிறோம். உறுதிக்கட்டு, நகைப்பெட்டி, பழைய வீடு. பழமரத்தின் சங்கதி வேறு. ஒரு மாமரத்தை எவ்வளவுதான் காத்தாலும் அதற்கும் ஒரு வயது உண்டு. புயலோ, கடலோ, கறையானோ, ஒரு கல்யாணமோ வந்தே தீரும். அடிமரத்தைக் காத்தவர்களைவிடக் கொப்பைக் கொடுத்தவர்களே பழத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கிரானி ஸ்மித்தின் அயலவர்கள் செய்தது அதைத்தான். வீட்டை எடுத்துக்கொண்டு போக முடியாத ஆண்பிள்ளைகளும் ஒரு கொப்பையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்பதை நாற்பது வயதில்தான் நான் படித்தேன்.

சென்ற வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தங்கள் வளவில் அல்லது அயலில் நிற்கும் பழைய மாமரங்களில், கடையில் வாங்க முடியாத பழம் தருகின்றவற்றின் பெயரையும், அதை முதலில் வளர்த்தவர் யார் என்பதையும் வீட்டிலே கேட்டு எழுதி வரவேண்டும். பதினேழு மரங்கள் வந்தன. ஆலையடியான், சீனிக்குடம், பள்ளித்தோட்டத்து மாங்காய், பெயரில்லாமல் 'எங்கட மரம்' என்று மட்டும் ஒன்று. கொப்பியில் எழுதப்பட்ட பிறகு அவற்றில் இரண்டு வெட்டப்பட்டுவிட்டன, இரண்டும் வீட்டுக்காகத்தான். மிச்சம் பதினைந்து. பாடசாலை மதிலோரம் இப்போது நாற்பது பொலித்தீன் பைகளில் நார்மாங்கன்றுகள் நிற்கின்றன. பென்சில் பருமனுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. மழை தொடங்கும்போது கத்தியைத் தீட்ட வேண்டும்.